பசுமைக்கூடத்து வாசலில் கமராவைத் திறக்காதீர்கள்

கமரா திருத்துவது என் தொழில். ரொறன்ரோவில் ஜனவரி பிறந்தால் ஒரே கதையோடு ஆட்கள் வருவார்கள்: "அலன் கார்டன்ஸ் பசுமைக்கூடத்துக்குப் பூப்படம் எடுக்கப் போனேன் அண்ணை, உள்ளே போனதும் லென்ஸெல்லாம் பனிமூட்டம் மாதிரிப் புகார் மூடிப்போச்சு."

போனதில் பிழையில்லை. ஊரே வெள்ளையும் சாம்பலுமாகக் கிடக்கும்போது, 1910இல் கட்டிய அந்தக் கண்ணாடிக் குவிமாடத்தையும் பக்கத்துக் கூடங்களையும் சுற்றினால் ஓர்க்கிட்டும் செவ்வரத்தையும் பார்க்கலாம். கட்டணமும் இல்லை. பிழை, கதவைத் தாண்டியதும் கமராவை வெளியே எடுப்பதில்.

வெளியே மைனஸ் 10. உள்ளே 22 பாகை, ஈரப்பதன் 65 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் சுமார் 15 பாகையை விடக் குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் படியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்க்கிறதே, அதேதான். லென்ஸின் முன்பக்கத்தைத் துடைத்துவிடலாம். உள்ளே படிவதை யார் துடைப்பது? நான்தான், காசு வாங்கிக்கொண்டு.

ஆகவே வெளியே குளிரில் நிற்கும்போதே கமராவை ஸிப் (zip) வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி மூடுங்கள். உள்ளே போய் அரை மணி நேரம், பெரிய லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம் திறக்க வேண்டாம். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியட்டும். அதற்குள் வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து, எந்தப் பூவில் எப்படி வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். பொறுமையில்லாதவர்கள் கள்ளிச் செடிகள் உள்ள கூடத்தில் தொடங்கலாம். அங்கே காற்று வறட்சி.

மூட்டமான நாள் நல்லது, நிழல் கடுமையாக விழாது. சிவப்புப் பூவில் மட்டும் கவனம். கமரா காட்டும் வெளிச்ச வரைபு (ஹிஸ்டோகிராம்) மொத்தத்தில் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்புகள் அழிந்து, பெயின்ற் அடித்தது போலாகிவிடும். சிவப்புக்கான வரைபைத் தனியாகப் பார்த்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

திரும்பும்போது மெமரி காட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். அப்போதுதான் வீடு போனதும் படம் பார்க்கும் அவசரத்தில் குளிர்ந்த கமராவைத் திறக்க மாட்டீர்கள். கமராவைப் பையில் மூடுவதைக் கூடத்துக்கு வெளியே வந்து செய்யுங்கள். உள்ளேயே மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவீர்கள்.

ஏற்கெனவே புகார் மூடிவிட்டதா? நிறுத்திப் பற்றரியைக் கழற்றுங்கள். லென்ஸை மாற்றாதீர்கள், ஹேர் ட்ரையரும் வேண்டாம். வீட்டில் மேசைமேல் திறந்தபடி வையுங்கள். ஹீற்றர் ஓடும் வீட்டுக் காற்றே மெல்லக் காயவைத்துவிடும். ஈரத்தோடு அலுமாரியில் பூட்டிவைத்த லென்ஸ்களில்தான் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் கண்டிருக்கிறேன். அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.