பட்டி எடுப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்

பிளாஸ்டிக் விமான மாதிரி கட்டுபவர்களிடம் ஒரு வீம்பு உண்டு. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டு, "கை தேர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?" என்பார்கள். நான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஆலைகளில், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திப் பாகங்களை வார்க்கும் இடங்களில், தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்தால் இதே கிட்டுகளை, அதாவது பாகங்களாக வரும் மாதிரிப் பெட்டிகளை, வாங்கிக் கட்டுபவன். அந்தப் பெருமிதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் ஆலைக்காரன் தலையில் அடித்துக்கொள்கிறான். நீங்கள் பூசி மறைத்த குறை, ஆலையின் ஏட்டில் நடக்காத குறை. யாரும் எழுதிக் கேட்கவில்லை என்றால் அடுத்த லாட்டும், அதாவது அடுத்து வார்க்கும் தொகுதியும், அப்படியேதான் வரும்.

அதற்காகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் புகார் எழுதச் சொல்லவில்லை. எதற்கு எழுதினால் நல்ல பாகம் கிடைக்கும், எதற்கு எழுதினாலும் அதே கோளாறுள்ள இன்னொரு பாகம்தான் வந்து சேரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குக் குறை எங்கே பிறந்தது என்று தெரிந்தால் போதும். வரைபடத்திலா, அச்சு வெட்டிய பட்டறையிலா, அச்சுக்குள் பிளாஸ்டிக்கைச் செலுத்திய இயந்திரத்திலா?

வரைபடத்தில் பிறந்த குறையைச் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். மூக்கின் வடிவம் தவறு, காக்பிட் கண்ணாடி தட்டை, ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் இறக்கைக்கு வேண்டிய 6 பாகை மேல்சாய்வு இல்லை என்பதெல்லாம் இந்த வகை. 1/72 அளவில் இறக்கையின் பின்விளிம்பு 1 மி.மீ. தடிமனாக இருந்தால், உண்மையான விமானத்தில் அது 72 மி.மீ. தடித்த பலகைக்குச் சமம். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இது ஆராய்ச்சிக் குறை, வடிவமைப்புக் குறை. விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும். மாற்றிக் கேட்டுப் பயனில்லை. வாங்குவதற்கு முன் விமர்சனங்களைப் படிப்பது ஒன்றே வழி.

அச்சுப் பட்டறைக் குறைகள் கொஞ்சம் சூட்சுமமானவை. கிட்டுகளை வார்க்கும் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஆறும்போது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். அதைக் கணக்கிட்டு அச்சின் குழியைச் சற்றே பெரிதாக வெட்டுவார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1/48 அளவில் 234 மி.மீ. இதில் அரை சதவீதம் என்றால் 1 மி.மீ.க்குச் சற்று மேல். இறக்கைக்கு ஒரு கணக்கும் உடலுக்கு இன்னொரு கணக்கும் பிசகினால், இரண்டும் சேரும் இடத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் வந்து நிற்கும். ஒரே அச்சில் பிளாஸ்டிக்கின் தரத்தை மாற்றினாலும் சுருக்கம் மாறும். ஒரு கிட் முதல் பதிப்பில் கச்சிதமாகப் பொருந்தி, வேறு நிறப் பிளாஸ்டிக்கில் மறுபடி வந்தபோது முரண்டு பிடித்தால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம்.

பிறகு தேய்மானம். எஃகு அச்சின் இரு பாதிகள் லட்சக்கணக்கான முறை மூடித் திறக்கும்போது, அவை முத்தமிடும் விளிம்பு மழுங்கும். அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பாகத்தைச் சுற்றி மெல்லிய சவ்வாகப் பிசிறு கட்டும். 1960களில் வெட்டிய அச்சுகளில் இன்றும் பிளாஸ்டிக் ஊற்றி, புதிய ஓவியம் தீட்டிய அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெட்டியின் படம் புதிது என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று நம்பிவிடக் கூடாது. பழைய அச்சில் பிசிறு இருந்தால் அது வயதின் அடையாளம். குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் சிறு நிறுவனங்களின் கிட்டுகளில் ஒரு பாகத்தை இன்னொன்றில் செருகிப் பொருத்தும் பொருத்துமுனைகளே இருக்காது, பாகங்களைத் தாங்கும் சட்டத்தோடு அவை ஒட்டியிருக்கும் கழுத்து தடித்திருக்கும். அரிதான விமானம் வேண்டுமென்றால் கொடுக்க வேண்டிய விலை அது. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் நேற்று வெளிவந்த புத்தம்புது எஃகு அச்சில் பிசிறு இருக்கிறதா? அச்சைப் போதுமான விசையோடு மூடவில்லை, அல்லது உள்ளே செலுத்திய அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள். இது தேய்மானக் கணக்கில் வராது. எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது இடமான இயந்திரத்தில்தான், என் அனுபவத்தில், மாற்றிக் கேட்கத் தகுந்த குறைகளில் பெரும்பங்கு பிறக்கிறது. 200 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்கிறது. நிரம்பிய பின்னும் சில விநாடிகள் அழுத்தத்தை விடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு ஆறவிட வேண்டும். ஒரு சுற்றில் பெரும்பகுதி நேரம் ஆறுவதற்கே போகிறது. சுவரின் தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும். ஷிஃப்ட் முடிவதற்குள் எண்ணிக்கையை எட்ட வேண்டிய மேற்பார்வையாளர் முதலில் கை வைப்பது இந்த விநாடிகளில்தான்.

விளைவு எங்கே தெரியும்? பாகத்தின் தடித்த இடங்களில். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் குழைந்திருக்கும் பிளாஸ்டிக் ஆறிச் சுருங்கும்போது தோலை உள்ளே இழுத்துக் குழியாக்கும். பொருத்துமுனை இருக்கும் இடத்துக்கு நேர் மறுபுறம், இறக்கையின் வேர், தடித்த சக்கரம், குண்டுகள் ஆகியவற்றில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் இந்தக் குழி கண்ணுக்குப் படாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, பாகத்தை மெல்லத் திருப்பினால் பளபளப்பு ஓரிடத்தில் நெளியும். அதுதான் குழி. வண்ணம் அடித்த பிறகு, அதுவும் உலோக வண்ணம் அடித்த பிறகு, அதே குழி எட்ட நின்று பார்ப்பவருக்கும் தெரியும்.

நிரம்பாத பாகம் இன்னொரு வகை. வேகத்தை அளக்கும் மெல்லிய பிட்டாட் குழாய், ஆன்டெனா, இறக்கையின் மெல்லிய முனை என்று பிளாஸ்டிக் கடைசியாகச் சென்று சேரும் இடங்களில் ஒரு துணுக்கு குறையும். பலர் இதை உடைந்துபோனது என்று எண்ணிப் பெட்டிக்குள் துண்டைத் தேடுவார்கள். முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடைந்த முனை சொரசொரப்பாக இருக்கும், சிலநேரம் வெளுத்திருக்கும். நிரம்பாத முனை மழுங்கி உருண்டு வழவழவென்று மின்னும். இந்த வேறுபாடு தெரியும் படத்தை அனுப்பினால், அனுப்புகையில் உடைந்திருக்கும் என்று தபால்காரர் மேல் பழி போட முடியாது.

முறுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 1936இல் பிரிட்டனில் வெளிவந்த ஃப்ராக் பெங்குவின் கிட்டுகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. காலப்போக்கில் தாமாகவே கோணிக்கொள்ளும். பாலிஸ்டைரீன் வந்த பிறகு அந்த வியாதி பெருமளவு ஒழிந்தது. இன்றைய கிட்டில் இறக்கை முறுக்கியிருந்தால் பெரும்பாலும் ஆறுவதற்கு முன்பே அச்சிலிருந்து தள்ளிவிட்டார்கள், அல்லது சூடு அடங்காத சட்டத்தைப் பையில் திணித்துவிட்டார்கள். உடலின் இரு பாதிகளும் சற்றே உட்பக்கம் வளைந்திருப்பது குற்றமில்லை. ஒட்டும்போது ஒன்றையொன்று நிமிர்த்திவிடும். ஒற்றைத் துண்டாக வரும் இறக்கை முறுக்கியிருந்தால் நிமிர்த்த ஆளில்லை. சமதளக் கண்ணாடிமேல் வைத்து ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை தூக்குகிறதா என்று பார்த்தாலே போதும். வெந்நீரில் காட்டி நிமிர்த்துவது கட்டுபவர்கள் அறிந்த உபாயம்தான். ஆனால் மாற்றுப் பாகம் கேட்க உரிமை இருக்கும்போது முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். கை வைத்த பாகத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

குறையே இல்லாததைக் குறை என்று எழுதுபவர்களும் உண்டு. எஃப்-16, சுகோய்-27 போன்ற விமானங்களின் காக்பிட் கண்ணாடி அடிப்புறம் குறுகி, நடுவில் பிதுங்கியிருக்கும். அந்த வடிவத்தை இரண்டே பாதிகள் கொண்ட அச்சிலிருந்து கழற்ற முடியாது. அச்சைக் கூடுதலாகப் பிரிக்க வேண்டும்; பிரித்த இடத்தில், கண்ணாடியின் நடுமுதுகில், ஒரு கோடு விழும். கோடு வேண்டாமென்றால் வடிவத்தில் பொய் சொல்ல வேண்டும். நான் கோட்டின் பக்கம். அதை மிக நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றிவிடலாம்; தட்டையான கண்ணாடியைப் பிதுங்க வைக்க எந்த மெருகாலும் ஆகாது. அதே கண்ணாடிக்குள் நீர்க்குமிழியோ, பிளாஸ்டிக்கின் இரு ஓட்டங்கள் சந்தித்த மயிர்க்கோடோ இருந்தால் அது வேறு விஷயம். தேய்த்தும் போகாது, மாற்றிக் கேட்க வேண்டியதுதான்.

இவ்வளவும் ஆலையிலேயே பிடிபடாதா என்று கேட்பீர்கள். நுகர்பொருள் ஆலைகளில் பரவலாகக் கையாளும் மாதிரிச் சோதனை முறை ஐஎஸ்ஓ 2859-1. அதன் வழக்கமான நிலையில், 3000 பெட்டிகள் கொண்ட லாட்டில் 125 பெட்டிகளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு 2.5 சதவீதம் என்ற வழக்கமான எல்லையை வைத்தால், அந்த 125இல் 7 வரை குறையிருந்தாலும் லாட் தேறிவிடும். 8 என்றால்தான் நிற்கும். இது மோசடி அல்ல. எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் செலவை யாராலும் தாங்க முடியாது என்பதால் எழுந்த ஏற்பாடு. ஆனால் உங்கள் மேசையில் இருப்பது அந்த ஏழில் ஒன்றாகவோ, திறக்கப்படாத மீதியில் ஒன்றாகவோ இருக்கலாம்.

தவிர, பெரிய குறை எது என்பதை முடிவு செய்வது ஆலைக்கும் வாங்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு சட்டம் முழுதாக விடுபட்டால் பெரிய குறை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூடிய பெட்டியை எடைபோட்டே அதைப் பிடித்துவிடலாம். விமானத்தின் சின்னங்களும் எழுத்துகளும் ஒட்டுவதற்காக அச்சாகி வரும் டெக்கால் தாள் விடுபட்டால்? அதன் எடை சில கிராம்தான். அட்டைப் பெட்டிகளுக்குள்ளேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கும். தராசு வாய் திறக்காது. இறக்கை வேரில் ஒரு குழி என்பது பல ஒப்பந்தங்களில் சிறு குறைகூட ஆகாது. கட்டுபவரின் கண்ணோடு பார்க்கும் ஒருவர் சோதனை மேசையில் இருப்பது அபூர்வம்.

வெளியீட்டுக்கு முன் வரும் விமர்சனங்களையும் இந்த வெளிச்சத்தில் படியுங்கள். டெஸ்ட் ஷாட் என்பது அச்சு கன்னி கழியாதபோது, தேர்ந்த ஆளை நிறுத்தி, நிதானமாக வார்த்து எடுப்பது. வடிவம் சரியா என்று அறிய அது உதவும். மூன்றாவது லாட்டில், இரவு ஷிஃப்டில் வந்த பெட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

டெக்காலில் பார்க்க வேண்டியது நிறங்களின் பொருத்தம். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சாகிறது. 0.3 மி.மீ. நகர்ந்தாலே பிரிட்டிஷ் வட்டச்சின்னத்தின் நடுச்சிவப்பு ஒருபக்கம் ஒதுங்கி, மாறுகண் போல முழிக்கும். சில டெக்கால் நிறுவனங்கள் நடுச்சிவப்பைத் தனியாகவே அச்சிட்டுத் தருகின்றன. ஒட்டுபவர் நடுவில் வைத்துக்கொள்ளலாம். இதை மற்றவர்களும் பின்பற்றாதது எனக்கு விளங்காத புதிர்.

பெட்டி கட்டும் இடத்தின் அலட்சியம் தனிக்கதை. கண்ணாடிப் பாகங்களைத் தனிப்பையில் போடாமல் மற்ற சட்டங்களோடு திணித்தால் வழியெல்லாம் உரசிக்கொண்டே வரும். மென்மையான வினைல் டயர்கள் வரும் கிட்டுகளில் ஆபத்து இன்னும் மெதுவானது. வினைலை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அரித்துக் குழைக்கும். ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் டயர் சக்கரத்துக்குள் உருகி இறங்கியிருக்கும். உடனே கட்டப்போவதில்லை என்றால் அந்த டயர்களை இன்றே எடுத்துத் தனிப்பையில் போடுங்கள்.

ஆகவே கிட் வந்த அன்றே, எதையும் வெட்டாமல், குறிப்பேட்டில் உள்ள சட்டப் படத்தோடு ஒவ்வொரு சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இடது இறக்கைச் சட்டங்கள் வந்து வலது விடுபடுவது அடிக்கடி நேரும் வேடிக்கை. குறை கண்டால், சட்டத்தின் எழுத்து, பாகத்தின் எண், பெட்டியில் அச்சாகியிருக்கும் தயாரிப்புக் குறியீடு மூன்றையும் எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். "தரம் மோசம், ஏமாற்றம்" என்ற நீண்ட கடிதத்தை வாடிக்கையாளர் பிரிவு ஒரு மன்னிப்போடு மூடிவிடும். பாக எண்ணும் தயாரிப்புக் குறியீடும் உள்ள இரண்டு வரிக் கடிதம் ஆலை வரை போகும். ஒரே பாகத்தில் ஒரே இடத்தில் குழி என்று ஐந்தாறு படங்கள் சேர்ந்தால், அடுத்த லாட்டுக்கு முன் அச்சின் செட்டிங் தாளை எடுத்து, அழுத்தம் தாங்கும் நேரத்தை இரண்டு விநாடி கூட்டி எழுதுவார்கள். பட்டி பார்த்து வண்ணம் அடித்த பிறகு எடுத்த படத்தை அந்தக் கோப்பில் சேர்க்க வழியில்லை.