வளிமச் செதுக்கி அல்ல, காற்றுளி

வளிமச் செதுக்கி என்ற சொல்லை மூன்றாவது முறையும் கேட்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் முறை ஒரு தொழிற்பயிற்சிக் கையேட்டில் கண்டேன், அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை ஒரு காணொளியின் அடியில் ஓடிய தமிழ் வரியில். மூன்றாம் முறை, போன மாதம், நகைவேலை பழகுகிற பொடியன் ஒருவன் விறாந்தையில் வந்து நின்று, "அண்ணை, நீங்கள் வளிமச் செதுக்கி ஒண்டு செய்து வைச்சிருக்கிறியளாம், பார்க்கலாமோ?" என்று கேட்டான். நான் அப்படி ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை. செய்து வைத்திருப்பது காற்றால் அடிபடுகிற ஒரு உளி.

சாமானைக் காணாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில் பிடிப்பதுபோலப் பிடிக்கவோ உள்ளங்கையில் பொத்தவோ கூடிய ஒரு பிடி. அதற்குள் சிறு பிஸ்டன் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். ஓடுகிறபோது பிடியின் முன்முனையில் செருகியிருக்கும் உளியின் பின்புறத்தில் அடிக்கும். அடி நிமிடத்துக்குச் சில நூறிலிருந்து எட்டாயிரம் வரை போகும். உளி நகர்வது கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் பித்தளையிலும் வெள்ளியிலும் பவுணிலும் கோடு வெண்ணெயில் போவதுபோலப் போகும். கைக்கு வேலை திசை காட்டுவது மட்டும்தான். இது இல்லாத காலத்தில் உள்ளங்கையால் தள்ள வேண்டும், அல்லது அரக்கில் பதித்த நகைமேல் உளியை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து நகைத்தெருவான கன்னாதிட்டியில் அப்படித் தட்டித் தட்டி விரல் கோணிப்போன பத்தர்மாரைக் கண்டிருக்கிறேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு நியூமற்றிக் என்கிறேவர் என்று பெயர். முதற்பாதி நியூமற்றிக். கிரேக்கத்தில் நியூமா என்றால் மூச்சு, காற்று, ஆவி. லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நமது வளியும் அப்படித்தான், வெளியே வீசுவதும் அதுவே, உடம்புக்குள் ஓடுவதும் அதுவே. "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது வெளிக்காற்றை அல்ல. மற்றப் பாதி என்கிறேவ். பழைய ஆங்கிலத்தில் கிராபன் என்றால் தோண்டுதல், புதைகுழியைக் குறிக்கிற கிறேவ் என்ற சொல்லும் அந்த வேர்தான். செத்தவீட்டுச் சம்பந்தம் நமக்கும் இருக்கிறது. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பெயர் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. சொற்பிறப்பு இவ்வளவு போதும். சண்டை இதிலில்லை.

சண்டை முதலில் வளிமத்தோடு. வளிமம் தமிழ்நாட்டுக் கலைச்சொல். அங்கே அது திண்மம், நீர்மம் என்பவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற மூன்றாவது நிலை. நமது இலங்கைப் பாடப்புத்தகங்களில் அதற்கு வாயு என்று பெயர், நாம் மூச்சுவிடுகிற கலவைக்கு வளி என்று பெயர். ஒட்சிசன் ஒரு வாயு, வளி பல வாயுக்களின் கலவை. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆக எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் வளிமம் வேறு, காற்று வேறு.

இது வெறும் நூல்பிடித்த வாதம் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக் கோடிக்குள் வந்து பார்க்கலாம். நான் வைத்திருக்கும் இயந்திரத்தின் நெஞ்சு ஒரு பழைய பிரிஜ் கொம்பிரசர். மலிவு, சத்தமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் இரவிலும் முறைப்பாடு சொல்லமாட்டார். அது பிரிஜ்ஜில் இருந்தபோது அமுக்கியது குளிர்வாயுவை, அதாவது சரியான வளிமத்தை. அந்த வாயுவை அதற்குரிய ஆளைக் கொண்டு பத்திரமாக எடுப்பித்த பிறகுதான் குழாயை வெட்டினேன். இப்போது அது உறிஞ்சுவது முற்றத்துக் காற்றை. அதே கொம்பிரசர்தான், அன்று அமுக்கியது வளிமம், இன்று அமுக்குவது காற்று. வளிமச் செதுக்கி என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் குளிர்வாயுவாலேயே உளியை ஓட்டிக் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சரி, வளிமம் வேண்டாம், காற்றழுத்தம் என்று போடலாமே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தினசரிகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அழுத்தம் என்றதும் மனதில் என்ன வருகிறது? ஏதோ ஒன்று உளியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்ற படம் வருகிறது. உண்மையில் உளியைக் காற்றுத் தொடுவதே இல்லை. காற்று பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உளியில் அடிக்கும். வெட்டுவது அடி, அழுத்தம் அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவிலிருந்து முதலில் பரவிய கிறேவர்மைஸ்டர் என்ற இயந்திரம் குழாய் வழியே ஒரு துடிப்புக்கு அமுக்கியும் மறுதுடிப்புக்கு உறிஞ்சியும் பிஸ்டனை ஆட்டியது. வீட்டில் செய்பவர்கள் பலர் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். சின்னக் கொம்பிரசர் ஒன்றின் வால்வுத் தகட்டைக் கழற்றிவிட்டால் அதன் மூச்சு உள்ளே வெளியே என்று அப்படியே குழாயில் ஏறிவிடும். அந்த வகையில் பாதி நேரம் அழுத்தமே கிடையாது, உறிஞ்சல்தான். பாதி நேரம் பொய்யாகிற ஒரு சொல்லை முன்னால் தூக்கி வைப்பானேன்?

இனிச் செதுக்கி. எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இது. செதுக்குதல் நல்ல சொல், அதை யாரும் பழிக்கவில்லை. சிலை செதுக்குகிறார்கள், கதவு நிலையில் பூ செதுக்குகிறார்கள். சுற்றியிருப்பதைச் சீவி எறிந்து உருவத்தை வெளியே எடுப்பது அந்த வேலை. யாழ்ப்பாணத்தில் அதைவிட அதிகமாக நாம் செதுக்குவது புல்லை. மாட்டுக்குப் புல்லுச் செதுக்கிக்கொண்டு வா என்றால் கையில் எடுப்பது உழவாரம். அப்பர் சுவாமிகளின் கையில் இருக்கிறதே, அதே உழவாரம். மேற்பரப்பை ஒட்டிச் சீவிக்கொண்டு போகிற ஆயுதம். என் அயலவர் ஒருவரிடம் செதுக்கி என்று சொல்லிப் பார்த்தேன். "மிசின் வைச்ச உழவாரமோ?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே விலை விசாரித்தார்.

உலோகத்தில் கோடு இழுக்கிற வேலை சீவுவது அல்ல, உள்ளே இறங்குவது. அதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? கல்லில் எழுதியதைக் கல்வெட்டு என்றோம், கல்செதுக்கு என்று எவரும் சொன்னதில்லை. அம்மி தேய்ந்தால் பொளிகிறோம். கயலையும் புலியையும் வில்லையும் இமயத்தில் பொறித்தார்கள் என்று படிக்கிறோம். வெட்டு, பொளி, பொறி என்று மூன்று சொல் வாசலில் நிற்க, நாலாவதாக உழவாரத்தைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

பொறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொறிப்பான் என்று எழுதுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது, அவர்கள்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மோதிரத்தில் பெயர் பொறித்தோம் என்பது அழகான தமிழ், முடிந்த வேலையைச் சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் கருவிக்குப் பெயராக வரும்போது பொறி படாதபாடு படுத்தும். எலிப்பொறி ஒரு பொறி, தீப்பொறி ஒரு பொறி, ஐம்பொறி இருக்கிறது, இயந்திரமும் பொறி, அதைப் படிப்பது பொறியியல். "பொறியின்மை யார்க்கும் பழியன்று" என்ற குறளில் அது விதியா உறுப்பா என்று உரைகாரர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். அந்தக் கையேட்டில் ஓரிடத்தில் "பொறிப்புப் பொறியின் பொறிமுறை" என்று வந்தது. வாய்விட்டு ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

அந்தக் கையேட்டை அப்புறமும் புரட்டினேன், புண்ணைச் சொறிகிற சுகம் போல. கருவியின் பிடியைக் கைத்துண்டு என்று எழுதியிருந்தது. நமக்குத் துண்டு என்றால் ஆஸ்பத்திரியில் தருகிற துண்டு, பஸ்ஸில் தருகிற துண்டு. ஹான்ட்பீஸ் என்ற ஆங்கிலச் சொல்லை நடுவே பிளந்து இரண்டு பாதிக்கும் தமிழ் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கத்திக்கும் பிடி, அகப்பைக்கும் பிடி, இதற்கு மட்டும் துண்டு. அதைவிட மோசம், நிமிடத்துக்கு இத்தனை அடிப்பு (ஆங்கிலத்தில் ஸ்ரோக்) என்று வரவேண்டிய இடத்தில் "3000 பக்கவாதம்" என்றிருந்தது. நாலடிப்பு எஞ்சின் என்று பாடசாலையில் படித்த எவரும் அந்த வரியைத் தாண்டியிருக்க மாட்டார். மொழிபெயர்த்தது கணினி என்றே நினைக்கிறேன். ஆனால் கணினி அச்சகத்துக்குப் போகவில்லை, யாரோ ஒரு மனிதர்தான் வாசிக்காமல் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறார்.

இந்த ஊரில் இப்படி நடப்பதுதான் தாங்கவில்லை. 1847இல் வந்து மானிப்பாயில் நின்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே படிப்பிக்க வேண்டும் என்று எலும்பு எலும்பாகச் சொல் தேடிய ஊர் இது. தொண்ணூறுகளில் பெயர்ப்பலகைகள் தமிழானபோது பேக்கரிக்கு வெதுப்பகம் வந்தது, இன்றைக்கும் பாண் வாங்க அந்தப் பலகையின் கீழேதான் நிற்கிறோம். குளிர்களியும் வந்தது, அது உருகிவிட்டது, ஐஸ்கிறீம் நிற்கிறது. உந்துருளி விபத்துச் செய்தியில் மட்டும் ஓடுகிறது, வீதியில் மோட்டச்சைக்கிள்தான். வெதுப்பகம் ஏன் நின்றது என்றால், வெதுப்புதல் என்ன என்பது சொல்லிலேயே கேட்கிறது, அடுப்புச் சூடு காதில் படுகிறது. வளிமச் செதுக்கியில் ஒரு சூடும் இல்லை.

அப்படியானால் நான் என்ன சொல்கிறேன்? இது முதலில் ஒரு உளி. தச்சனுக்கு உளி, கல்தச்சனுக்கு உளி, பத்தருக்குச் சிற்றுளி. மற்றவர்கள் சுத்தியலால் அடிக்கிறார்கள், இங்கே காற்று அடிக்கிறது. காற்றால் ஓடுகிற உளி காற்றுளி. காற்று என்பதன் ஈற்று உகரம் உளிக்கு முன்னால் தானாகவே கெடும், புணர்ச்சி விதிக்கும் குறையில்லை. நாக்குக்கும் சுகம்.

வளியுளி என்று வைத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார், தமிழ் வாத்தியார். வளி மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. தொல்காப்பியம் ஐம்பூதத்தில் வைத்த சொல், வளிமண்டலத்திலும் வளிச்சீராக்கியிலும் தினமும் புழங்குகிற சொல். ஆனால் வளியுளி என்று வேகமாகச் சொன்னால் பாதிப்பேருக்கு வலியுளி என்று கேட்கும், பல்வைத்தியர் நினைவுக்கு வருவார். பளையில் சுழல்வதையும் நாம் காற்றாலை என்றுதான் சொல்கிறோம். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற சனத்துக்குக் காற்றுளி என்ற சொல்லை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

விளங்கப்படுத்த வேண்டியதில்லை என்பதைப் பரீட்சித்தும் பார்த்தேன். அந்தப் பொடியனை உள்ளே கூட்டிப்போய் இயந்திரத்தைக் காட்டினேன். கொம்பிரசர், அதிலிருந்து காற்றோடு வருகிற எண்ணெயைப் பிடிக்க ஒரு வடி, அழுத்தத்தை 25 பிஎஸ்ஐக்குக் குறைக்கிற வால்வு, காலால் மிதித்தால் ஓடுகிற மின்வால்வு, அதைத் திறந்து மூடவைக்கிற 555 ரைமர் சுற்று. பிடி நான் பித்தளைக் குழாயில் கடைவித்தது. முதல் பிஸ்டன் சாதாரண இரும்பு, இரண்டு கிழமையில் அதன் முனை காளான் மாதிரி விரிந்து குழாய்க்குள் இறுகிவிட்டது. இப்போது இருப்பது ஒரு துண்டு உருக்கு, பழுக்கக் காய்ச்சித் தோய்த்துப் பதம் வைத்தது. பாரத்தையும் கூட்டினேன். பிஸ்டன் பாரமானால் அடி பலக்கும், வேகம் குறையும், ஆழமான கோட்டுக்கு அது நல்லது.

பொடியன் ஒரு செப்புத் தகட்டில் கோடு இழுத்துப் பார்த்தான். முதல் கோடு வழுக்கி ஓடியது, உளி நுனியின் அடிச்சரிவான குதியைச் சரியாகத் தீட்டாத குற்றம் என்னுடையது. 15 பாகைக்குத் தீட்டிக் கொடுத்தேன். அடுத்த கோட்டில் செம்பு சுருள் சுருளாக எழும்பியது. பேர் என்னெண்டு சொல்லுவம் என்று கேட்டேன். "உளிதானே அண்ணை" என்றான். காற்றுகூடத் தேவைப்படவில்லை அவனுக்கு.

ஒரு ஆட்சேபம் மிஞ்சியிருக்கிறது. லேசரால் பெயர் எழுதுகிற இயந்திரங்கள் நகைக்கடைகளுக்கு வந்துவிட்டன, அதற்கும் காற்றுளி மாதிரி ஒரு பெயர் சொல் என்கிறார் வாத்தியார். அதில் உளியும் இல்லை, அடிப்பும் இல்லை. லேசர் பொறிப்பு என்று தாராளமாகச் சொல்லட்டும். பொறி பறக்கத்தானே செய்கிறது.