காருக்கு அடியில் கடகட சத்தம்: சைலன்சரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து கிர்ர்ர் என்று ஒரு தகரச் சத்தம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அடங்குகிறது, காலை எடுத்து ஐடிலுக்கு (இன்ஜின் சும்மா ஓடும் நிலைக்கு) வந்தால் மறுபடி தொடங்குகிறது. இந்தக் குறையோடு எங்கள் பட்டறைக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே வேறு எங்கோ காட்டி, "முழு சைலன்சரையும் மாத்தணும்" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பல நேரம் அது தேவையே இல்லை. அதற்காக, "சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடவும் கூடாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

இன்ஜினிலிருந்து வரும் புகை, அதைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டு, அதன் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் குழாய், சில வண்டிகளில் நடுவே சத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெசனேட்டர், கடைசியில் சைலன்சர் என்று வண்டியின் நீளத்துக்கும் போய் வெளியேறுகிறது. இந்தக் குழாய் பாடியோடு இறுக்கப்படுவதில்லை, ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. இன்ஜின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆட வேண்டும் அல்லவா? அதன் சூடு வண்டியின் தளத்துக்கும் பெட்ரோல் டேங்குக்கும் ஏறாமல் தடுக்க, இடையே மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அதுதான் ஹீட் ஷீல்டு.

சோதனையை வண்டி முழுக்க ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். ஓடி முடித்த கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். ஜாக்கி மட்டும் வைத்து வண்டிக்கு அடியில் யாரும் நுழையவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஷீல்டு தளர்ந்திருந்தால் மெல்லிய தகடு அதிரும் சத்தம் வரும். சைலன்சர் டப்பாவுக்குள்ளே தடுப்புத் தகடு பெயர்ந்திருந்தால் உள்ளுக்குள் மொத்தையாக இடிக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் 'டங்' என்று கேட்டால், அறுந்த ரப்பரைத் தேடுங்கள்.

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, சைலன்சர் போச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று கவலையோடு வந்தார். லிஃப்ட்டில் ஏற்றித் தட்டிப் பார்த்ததில் சைலன்சரில் ஒரு குறையும் இல்லை. ஷீல்டின் ஒரு போல்ட்டைச் சுற்றித் தகட்டைத் துரு தின்று, ஓட்டை பெரிதாகி, போல்ட்டின் தலையே அதற்குள் நுழைந்துவிடும் நிலையில் இருந்தது. அகலமான வாஷர் ஒன்று வைத்து முறுக்கினோம், சத்தம் நின்றது. போல்ட்டே உடைந்திருந்தால் ஷீல்டையும் குழாயையும் சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கலாம், அதுவும் நன்றாகவே தாங்கும். ஆனால் ஷீல்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்காமல் காப்பதும் அந்தத் தகடுதான்.

கன்வெர்ட்டரைத் தட்டும்போது தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்டால் விஷயம் பெரிது. அதற்குள் தேன்கூடு வடிவில் பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அந்தக் கட்டி உடைந்தால் துண்டுகள் புகை போகும் வழியை அடைக்கும், வண்டி இழுக்காது. இங்கே பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: அந்தக் கட்டி சும்மா உடைவதில்லை. கீழே பலமாக இடி வாங்கியிருக்கலாம், அல்லது ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ கெட்டு, எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து கட்டியை உருக்கியிருக்கலாம். பெட்ரோல் இப்படி எரியாமல் போகும் மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும்.

"உள்ளே இருக்கறதை உடைச்சு எடுத்துடலாம் சார், வண்டி பறக்கும்" என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-லேயே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாகிவிட்டது. இப்போதைய வண்டிகளில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருப்பதால், செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் P0420 என்று, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும். புகைப் பரிசோதனையிலும் மாட்டுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விஷப் புகையைத் தெருவில் நடக்கும் பிள்ளைகள் சுவாசிப்பது அதைவிடக் கொடுமை. இன்னொன்று, பழைய கன்வெர்ட்டரில் உள்ள உலோகங்களுக்கு நல்ல விலை இருக்கிறது. மாற்றினால் பழையதை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தினமும் பக்கத்துக் கடை வரை மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி, டப்பாவை உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள்.

கடகட சத்தத்தோடு 'பஃப் பஃப்' என்றும் கேட்டு, இணைப்பில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வண்டிக்குள் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். கசிவு சரியாகும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள், நின்ற வண்டியில் ஏசி போட்டுத் தூங்கவும் கூடாது.

ஃபிளெக்ஸ் குழாய் மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடி கிழிகிறதா? அப்போது இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டைப் பாருங்கள். மவுண்ட் ரப்பர் தேய்ந்தால் இன்ஜின் அளவுக்கு மீறி ஆடி, குழாயைப் பிய்த்துவிடும். அப்புறம், குழாயை வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மின்சாரம் பாய்ந்து வண்டியின் கம்ப்யூட்டர் போனால், வெல்டிங் கூலியைவிடப் பல மடங்கு செலவாகும்.