ஏ.சி. கம்பெனிக்கு ட்ரோன் வாங்குகிறீர்களா? பில்லுக்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

கோவைப் பக்கம் குளிர்பதன அறைக்கான பேனல், காயில், சில்லர் செய்யும் சிறு கம்பெனிகள் இப்போது ட்ரோன் வாங்குகின்றன. கூரைத் தகட்டையும் கூலிங் டவரையும் பார்க்கச் சாரம் கட்டி ஆளை ஏற்ற வேண்டாம். தெர்மல் கேமரா இருந்தால் இன்சுலேஷனில் எங்கே குளிர் கசிகிறது என்பது தெரிந்துவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் நான் பார்த்த பல இடங்களில் ட்ரோன் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

சட்டம் சுருக்கமாக இதுதான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நேனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். வைத்திருப்பவர் யு.ஐ.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்.

நூறு ரூபாய்தானே என்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். நேனோவுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு வகைச் சான்று, அதாவது டைப் சர்டிபிகேட், இருந்தால்தான் அந்த எண் கிடைக்கும். அந்தச் சான்று மாடலுக்குத் தரப்படுவது. தயாரிப்பாளர்தான் வாங்கியிருக்க வேண்டும், நீங்கள் அலைந்து வாங்க முடியாது. முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9-ஆம் தேதியே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. இருந்தும் வெளிநாட்டு ட்ரோன்கள் கடைகளில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் ஜி.எஸ்.டி. பில்லோடுதான் வாங்கினார். பதிவுப் படிவம் வகைச் சான்று எண்ணைக் கேட்ட இடத்தில் நின்றுவிட்டார். கடைக்குப் போன் செய்தால், "ஆன்லைன்ல போட்டா வந்துடும் சார்" என்கிறார்கள். வராது. விற்ற பில் வேறு, பறக்கும் உரிமை வேறு. வகைச் சான்று எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது விமானிச் சான்று. "மைக்ரோவுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பது பாதி உண்மை. வணிகம் சாராத பயன்பாட்டுக்குத்தான் அந்தச் சலுகை. கம்பெனி வேலை அதில் சேராது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்தான் ஓட்ட வேண்டும். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாஸ்போர்ட் கட்டாயம் என்று இன்னும் சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அது தேவையில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை செல்லும். மெஷின் ஷாப் பையனிடம் ரிமோட்டைக் கொடுத்து "நீ பார்த்துக்கோ" என்று சொல்லாதீர்கள். அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். போலீஸ் வந்தால் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, முதலில் மாட்டுவது அவன்தான்.

இடம் முக்கியம். அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் பகுதியான பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம். ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். அதைவிடக் கிட்டே இருந்தால் முன் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூடத் தூக்க முடியாது. நீலாம்பூர், அரசூர் கம்பெனிகளுக்கு ஒரு பக்கம் கோவை விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் உள்ள அந்த வரைபடத்தில் உங்கள் காம்பவுண்டைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். பச்சை மண்டலத்தில் இருந்தும் யாராவது "கலெக்டர் ஆபீஸ் லெட்டர் கொண்டு வா" என்றால், அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வி.ஐ.பி. வருகைக்காகப் போலீஸ் 96 மணி நேரம் வரை தற்காலிகத் தடை போடலாம், அது வேறு. அதனால் பறக்கும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

பதிவைக் கம்பெனி பெயரில் செய்யுங்கள். மேனேஜர் தன் பெயரிலும் போன் நம்பரிலும் செய்துவிட்டு வேலையைவிட்டுப் போனால், பெயர் மாற்ற அவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். பதிவு இப்போது டி.ஜி.சி.ஏ.வின் இ-ஜி.சி.ஏ. இணையதளத்தில் நடக்கிறது, பழைய யூடியூப் வீடியோவை நம்பி டிஜிட்டல் ஸ்கையில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

"ட்ரோன் வாங்கினால் பி.எல்.ஐ. மானியம் வரும்" என்று ஏஜெண்ட் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். பி.எல்.ஐ. என்பது உற்பத்திக்கு ஏற்ப அரசு தரும் ஊக்கத்தொகை. ட்ரோன் பி.எல்.ஐ. 2023-24 நிதியாண்டு வரை ட்ரோனும் அதன் உதிரிபாகமும் செய்தவர்களுக்கு இருந்த திட்டம். ஏ.சி.க்கான பி.எல்.ஐ. உதிரிபாகம் செய்து விற்பனையைக் கூட்டியவர்களுக்கு; வெறும் அசெம்பிளிக்குக்கூட அதில் இடமில்லை. ட்ரோனை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.

விதிப்புத்தகத்தை விடுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள்: கேஸ் சார்ஜிங் பகுதிக்குள் ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஏ.சி.யில் நிரப்பும் கேஸ்களில் ஆர்-290 என்பது புரொப்பேன்; ஆர்-32-உம் எரியும். ட்ரோன் மோட்டாரில் ஒரு பொறி, லித்தியம் பேட்டரியில் ஒரு அடி போதும்.

வருடத்துக்கு ஓரிரு முறை கூரை பார்க்கத்தான் என்றால் வாடகைக்கே எடுங்கள். வருபவரிடம் யு.ஐ.என்., அவருடைய விமானிச் சான்று, மூன்றாம் நபர் காப்பீடு மூன்றையும் பறப்பதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள். சான்றில் உள்ள எடைப்பிரிவும் அவர் கொண்டுவந்த ட்ரோனும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.