காற்றாலை, சோலார், நீர்மின்: தாக்க மதிப்பீட்டை யாரிடம், எப்போது கேட்பது?

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வருகிறது என்றதும் ஊரில் எழும் முதல் கேள்வி, கலெக்டர் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது போடுவார் என்பதுதான். போடமாட்டார். முன் அனுமதி வேண்டிய திட்டங்களைப் பட்டியலிடுவது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணை; அதில் காற்றாலை கிடையாது. சூரிய ஒளிமின் திட்டங்களுக்கும் முன் அனுமதி வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்லிவிட்டது. 2016 முதல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் இரண்டும் ‘வெள்ளை’ வகை. வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும், இசைவாணை வாங்க வேண்டியதில்லை. புகை வராது என்பதற்காகத் தந்த சலுகை இது. ஆட்டுக்கிடை போடுகிறவருக்கும் தேன் எடுக்கிறவருக்கும் புகையா பிரச்சினை?

ஆகவே திட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அது உட்காரப்போகும் நிலத்தைப் பாருங்கள். நிலம் எந்த வகையோ, அதற்குரிய சட்டத்தில்தான் மதிப்பீடு கேட்க வழி இருக்கும்.

சமவெளியில்

சர்வே எண்ணை வைத்து அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுங்கள். கூடவே வில்லங்கச் சான்றும் போடுங்கள். நிறுவனம் பட்டா நிலத்தை நேரடியாக விலைக்கோ குத்தகைக்கோ வாங்கினால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. ஆனால் 1961 நில உச்சவரம்புச் சட்டத்தின்படி அளவுக்கு மேல் நிலம் வைத்திருக்க நிறுவனத்துக்கு 37-ஏ பிரிவில் அரசின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தெந்த சர்வே எண்கள் கணக்கில் வந்திருக்கின்றன என்பது அதில் தெரியும்.

அரசே கையகப்படுத்தினால், அறிவிக்கையின் முதல் பத்தியில் எந்தச் சட்டம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் 2013 நிலமெடுப்புச் சட்டம் என்றால் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. அதற்கெனத் தனிக் கருத்துக்கேட்பும் உண்டு. தனியார் திட்டமானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசும் தனியாரும் சேர்ந்து செய்வதானால் 70 சதவீதமும் சம்மதிக்க வேண்டும். மாநிலத்தின் 1997 தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் என்று இருந்தால் இந்த மதிப்பீடு கிடையாது. அந்த விலக்கை 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இது தெரியாமல் ‘2013 சட்டப்படி’ என்று எழுதும் ஆட்சேபணை மனு முதல் மேசையிலேயே நின்றுபோகும்.

பதிவேட்டில் ‘டி.சி.’ என்றோ ‘நிபந்தனை ஒப்படை’ என்றோ இருந்தால் அது பட்டியல் சாதியினருக்கென அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலமாக இருக்கலாம். ஒப்படை ஆணையின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்றது செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் மீட்கக் கேட்கலாம். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் கிடை போடுகிற மாதங்கள், ஆடுகள் போகும் தடம், தண்ணீர் காட்டும் குளம் ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு எழுதி மனுவில் சேருங்கள். ‘மேய்ச்சல் பாதிக்கும்’ என்று மட்டும் எழுதினால் ‘மாற்று இடம் உள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

வீட்டுக்கும் காற்றாலைக்கும் உள்ள தூரத்துக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதலைக் காட்டலாம். சத்தம் கருதிக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் நிறுவக்கூடாது. சாலை, கட்டடங்களிலிருந்து விட வேண்டிய இடைவெளி என்பது கோபுர உயரம், விசிறி விட்டத்தில் பாதி, இன்னும் 5 மீட்டர், மூன்றின் கூட்டல். 120 மீட்டர் கோபுரம், 130 மீட்டர் விட்டம் என்றால் 190 மீட்டர். பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியது வைக்கும்போது இந்தக் கணக்கு மாறும். பழைய இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மலையில்

காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற காணிக்குடியிருப்புகளுக்கும் வாசுதேவநல்லூர் மலையடிவாரப் பளியர்களுக்கும் பொருந்துவது 2006 வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி இல்லை. ஆகையால் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமான ‘பெசா’ இங்கே செல்லாது. மேடையில் அதை முழங்குகிறவர்கள் உண்டு, மனுவில் எழுதிப் பயனில்லை.

முதலில் சாதிச் சான்று. காணிக்காரர் கன்னியாகுமரி மாவட்டத்திலும், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களிலும்தான் பழங்குடிப் பட்டியலில் வருகிறார்கள். சான்று இல்லாவிட்டால் ‘பிற பாரம்பரிய வனவாசி’ ஆகிவிடுவார்கள்; 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டிவரும்.

வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் தனிநபர் உரிமை நான்கு ஹெக்டேர் வரை. அத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. தேன், கடுக்காய், நெல்லி எடுக்கும் இடம், மீன்பிடிக்கும் துறை, மேய்ச்சல், சாமி இருக்கும் பாறை இவற்றுக்குச் சமூக உரிமை தனிப் படிவம். காட்டுப் பரப்பையே பாதுகாத்துப் பராமரிக்கும் உரிமைக்கு இன்னொரு படிவம். நீர்மின் திட்டமோ நீரேற்று மின்திட்டமோ மூழ்கடிப்பது பெரும்பாலும் இந்தப் பொது இடங்களைத்தான். கோரிக்கை பதிவாகவில்லை என்றால் அறிக்கையில் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுத வசதியாகிவிடும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது இரண்டு வகைச் சான்று வேண்டும். கோரிக்கையாளர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் அதுவும் சான்று. காணிகளின் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியோடு காட்டில் நடந்து, ஒவ்வொரு இடத்தையும் கைப்பேசியில் ஜிபிஎஸ் புள்ளியாகக் குறித்து, எந்த மாதம் என்ன, எத்தனை குடும்பம், ஏறக்குறைய எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதினால் அதுவே ஊரின் சொந்தத் தாக்க மதிப்பீடு. நிறுவனத்தின் ஆலோசகர் இரண்டு நாளில் எழுதும் அறிக்கைக்கு எதிரே வைக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கிராம சபையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கூடும் ஊராட்சிச் சபையில் மலைக்குடியிருப்பின் குரல் பெரும்பான்மைக்குள் கரைந்துபோகும். வன உரிமைச் சட்டத்தின் சபை குடியிருப்பு அளவில் கூட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு தீர்மானம் எழுதுவது பழைய வழக்கம். தேதி, வருகைக் கையெழுத்து, தீர்மானம் மூன்றும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கட்டும்.

‘மரபுசாரா எரிசக்திக்கு ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் தரலாம், சட்டத்திலேயே இருக்கிறது’ என்று யாராவது சொல்லலாம். இருப்பது உண்மை. ஆனால் 3(2) பிரிவு சொல்வது, கிராம சபை பரிந்துரைத்து அரசு நடத்தும் ஊர் வசதிகளை. வணிக மின்நிலையம் அதில் அடங்காது. மின்கம்பித் தடம் போன்ற நீண்ட தடங்களுக்கு மட்டும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2013 சுற்றறிக்கை சபையின் சம்மதத்தில் விலக்குத் தந்தது. உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும் என்பதில் விலக்கில்லை. 2022 வன விதிகளுக்குப் பின் மத்திய ஒப்புதல் முந்தி வந்துவிடலாம். நிலத்தை ஒப்படைக்குமுன் உரிமைகளை அங்கீகரித்து முடிப்பது மாநில அரசின் பொறுப்பு. அதனால் கோரிக்கை தள்ளுபடியானால் தாமதிக்காதீர்கள். 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடமும், அங்கும் தள்ளினால் மறுபடி 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிட வேண்டும்.

கூட்டம் நடந்தால்

25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும்; பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இதற்குத்தான். விண்ணப்பம் விரிவான தாக்க அறிக்கை தேவைப்படாத ‘பி2’ பிரிவில் போயிருந்தால் கூட்டம் கிடையாது, எனவே பிரிவை முதலில் பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தோடு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். இடம் திட்டப் பகுதியிலோ மிக அருகிலோ அமைய வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மண்டபம் பிடித்து, அணைக்கு அப்பால் இருப்பவர்களைப் படகேறி பஸ் பிடித்து வரச் சொன்னால் அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள். பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்கும்வரை எழுந்து போகவேண்டாம். விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் அனுமதி வந்துவிட்டால், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.