பிளே தெரபி: தமிழில் என்ன சொல்லலாம்?

விளையாட்டின் வழியே பிள்ளையின் மனத்துயர் ஆற உதவும் முறைதான் பிளே தெரபி. பெற்றோர் பிரியும்போது பிள்ளையைப் பிளே தெரபிக்கு அழைத்துப் போகச் சொன்னால், "விளையாடுறதுக்கு எதுக்கு டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதிக் குழப்பம் பெயரால் வருவது.

'தெரபி'யின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'தெரப்பேயா' என்றால் பணிவிடை. மருத்துவம் என்ற பொருளும் அதிலிருந்து வந்ததே. கிரேக்கர்களின் இலியட் காவியத்தில் அக்கிலீஸ் என்ற வீரனுக்குத் துணையாக நிற்கும் பத்ரோக்கிளஸ் அவனுடைய 'தெரப்போன்'. கூட நிற்பவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் நடப்பதும் அதுதான். 1920களில் மெலனி கிளைன், அன்னா பிராய்டு போன்ற உளப்பகுப்பாய்வாளர்கள் குழந்தைகளின் மனத்தை அறிய விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். பிள்ளை போகும் வழியிலேயே பெரியவர் போகவேண்டும் என்பதை 1947இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லின்.

ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு பொம்மை வீடுகளை அறையின் இரு மூலைகளில் வைக்கிறது. அம்மா பொம்மை ஒன்றில், அப்பா பொம்மை மற்றதில். குட்டிப் பொம்மையைக் காரில் ஏற்றி இங்கும் அங்கும் ஓட்டுகிறது. கடைசியில் நடுவழியிலேயே மணலில் புதைத்துவிடுகிறது. "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று சிகிச்சையாளர் கேட்பதில்லை. "குட்டி ஒரு வீட்டுக்கும் போகலை" என்கிறார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அது சண்டை போட்டுச்சு, அதான் அப்பா போயிட்டார்" என்று பதில் வரலாம். தன்னால்தான் இப்படி ஆனது என்று பல பிள்ளைகள் நினைப்பதுண்டு. நேராகக் கேட்டால் வாயே திறக்காது.

தொல்காப்பியம் 'அல்லல் நீத்த உவகை', அதாவது துன்பம் கலக்காத மகிழ்ச்சி, பிறக்கும் நான்கில் விளையாட்டையும் சேர்க்கிறது. இங்கே பிள்ளை அல்லலையே எடுத்து வைத்து விளையாடுகிறது!

சரி, தமிழ்ப் பெயர்? 'விளையாட்டுச் சிகிச்சை' புழக்கத்தில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் சிகிச்சை என்றதும் பிள்ளை நோயாளி ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது 'ஆற்று' என்ற வினை. புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, சூடான பாலை ஆற்றுகிறோம். ஆறுவது அதுவாக; நாம் செய்வது ஆற்றுவது மட்டும். (ஆற்றுப்படையில் வரும் ஆறு வேறு, அது வழி.) 'ஆற்றுகை' என்று முடிக்கலாம்தான், ஆனால் நாடகக்காரர்கள் அதை மேடை நிகழ்த்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, 'விளையாட்டுவழி ஆற்றுதல்'. கொஞ்சம் நீளம்தான், பிள்ளையிடம் "விளையாடப் போறோம்" என்றால் போதும்.