பேனா பிடித்தால் மட்டும் முறுக்கிக்கொள்ளும் கை

சட்டைப் பொத்தான் போடுவதில் சிக்கல் இல்லை. பிசைந்து சாப்பிடுவதிலும் இல்லை. பேனாவை எடுத்துத் தாளில் வைத்தால்தான் வம்பு: இரண்டு வரிக்குள் விரல்கள் பேனாவை நெரிக்கத் தொடங்கும், மணிக்கட்டு வளையும், எழுத்து கோணிக்கொண்டு போகும். ரைட்டர்ஸ் கிராம்ப் என்பது இதன் பெயர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாள் முழுக்க எழுதிய குமாஸ்தாக்களை இது பாடாய்ப் படுத்தியது. வெகுகாலம் மனக்கோளாறு என்றே பலர் இதை ஒதுக்கிவைத்தார்கள். 1982இல் லண்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் ஷீஹியும் டேவிட் மார்ஸ்டனும், இது டிஸ்டோனியா என்ற, தசைகள் தாமாகவே முறுக்கிக்கொள்ளும் நரம்பியல் கோளாறின் ஒரு வகைதான் என்று எழுதிய பிறகு பார்வை மாறியது.

இசைக்கலைஞர்களையும் டிஸ்டோனியா விடுவதில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில் வலது கை விரல்கள் உள்ளே சுருண்டன. பல ஆண்டுகள் இடது கைக்கென எழுதப்பட்ட இசையைத்தான் வாசித்தார். பிற்பாடு போடாக்ஸ் ஊசி கைகொடுத்தது. இரு கைகளாலும் மீண்டும் மேடையேறினார்.

போடாக்ஸ், முறுக்கும் தசையைத் தளர்த்துகிறது. சுமார் மூன்று மாதங்களில் வீரியம் குறைந்துவிடும். விரல் பலமிழக்கவும் கூடும். சரி, பழுதே இல்லாத தசையில் ஏன் ஊசி போடவேண்டும்? பழுது இருப்பது மூளையில் அல்லவா?

ஒரு விரலை மடக்கும்போது மூளை இரண்டு வேலைகளைச் செய்கிறது. அந்த விரலுக்கு ஆணையிடுகிறது. அதே நேரத்தில் பக்கத்துத் தசைகளை அசையாமல் அடக்கியும் வைக்கிறது. டிஸ்டோனியாவில் இந்த அடக்கும் வேலை தளர்ந்திருக்கிறது. தொடுவுணர்வைப் பதியும் மூளைப் பகுதியிலும் விரலுக்கு விரல் பிரிந்திருக்கவேண்டிய இடங்கள் நெருங்கிக் கலந்துகிடக்கின்றன. வரப்பு கரைந்த வயல்போல, ஒன்றுக்குப் பாய்ச்சிய தண்ணீர் அடுத்ததிலும் பாய்கிறது.

மண்டையைத் திறக்காமல் அங்கே கைவைக்க முடியுமா? 1980இல் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தலையின் மேலிருந்தே மின்சாரம் செலுத்தி ஒருவரின் கைத்தசையைத் துடிக்க வைத்தார்கள். ஆனால் வலி அதிகம். மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. அதனால் பெரும்பகுதி தோலில் பாய்ந்து சுள்ளென்று தாக்கும்.

1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரின் குழு மாற்றுவழி கண்டது. எலும்பு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, சில நூறு மைக்ரோ விநாடிகளுக்குப் பாய்ச்சினால், எம்ஆர்ஐ கருவிக்கு நிகரான ஒன்றரை, இரண்டு டெஸ்லா காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டினாரே, அதேதான். மூளைக்குள்ளேயே சிறு மின்னோட்டம் பிறந்து நரம்பணுக்களைத் தூண்டுகிறது. இதில் காந்தம் வெறும் வாகனம். காந்த வளையல் விற்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டினால் நம்பவேண்டாம்.

கையை ஆளும் பகுதி இதற்கு வசதியான இடத்தில் இருக்கிறது: மூளையின் மேற்பரப்புக்கு அருகிலேயே. சுருளின் வீச்சு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் என்பதால் இது முக்கியம். சரியான இடத்தில் ஒரு துடிப்பு கொடுத்தால், சுமார் 20 மில்லி விநாடியில் எதிர்ப்பக்கக் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளும். அந்தத் துள்ளலை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலிமை தேவை என்று கணக்கிடுகிறார்கள்.

ஒற்றைத் துடிப்பு சோதனைக்கு. சிகிச்சைக்குத் தொடர் துடிப்புகள். விநாடிக்கு ஒன்று என்று பல நிமிடங்கள் கொடுத்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் அடங்குகிறது. ஐந்துக்கு மேல் போனால் கிளர்ச்சியடைகிறது. நரம்பணுக்களுக்கிடையிலான இணைப்புகளின் பலம் தற்காலிகமாக மாறுவதே காரணம் என்று கருதப்படுகிறது. டிஸ்டோனியாவில் மூளை அடங்கவேண்டும், ஆகவே மெதுவான துடிப்பு. 1999இல் ஹார்ட்விக் சீப்னர் குழு ரைட்டர்ஸ் கிராம்ப் உள்ளவர்களிடம் இதைச் செய்தபோது பேனா அழுத்தம் குறைந்தது. சிலருக்கு எழுத்தும் தெளிந்தது. ஆனால் பலன் நிலைக்கவில்லை. அசைவைத் திட்டமிடும் முன்பகுதிக்கு மெதுவான துடிப்பு கொடுப்பது இன்னும் நல்ல பலன் தருவதாக 2005இல் ஒரு ஆய்வு சொன்னது.

இன்னொரு வழி இதைவிட எளிது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகள், ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம், அவ்வளவுதான். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பௌலுஸும் இந்த முறையின் விளைவை அளந்து காட்டினார்கள். இது நரம்பணுவை நேரடியாகச் சைகை அனுப்பவைப்பதில்லை. அனுப்புவதற்கான தயார்நிலையைக் கொஞ்சம் ஏற்றுகிறது, அல்லது இறக்குகிறது.

என்னைக் கவர்ந்த ஆய்வு 2014இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து வந்தது. டிஸ்டோனியா உள்ள பியானோ கலைஞர்களுக்கு, நோயுற்ற கையை ஆளும் பக்கத்தில் அடக்கும் மின்முனையையும் மறுபக்கத்தில் கிளர்த்தும் மின்முனையையும் ஃபுருயாவும் ஆல்டன்முல்லரும் வைத்தார்கள். கூடவே இரு கை விரல்களும் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றாக அசையும் பயிற்சி. நோயுற்ற கையின் துல்லியம் கூடியது. மின்சாரம் மட்டும் கொடுத்தால் பலனில்லை. மின்முனைகளை மாற்றி வைத்தாலும் இல்லை. அதாவது, மூளை இளகியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கை என்ன பழகுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பக்கவாதத்தில் கை செயலிழந்தவர்களுக்கும் இதே கருவிகளை முயல்கிறார்கள். அங்கே நோக்கம் வேறு: பாதிக்கப்படாத பக்கத்தை அடக்கி, பாதிக்கப்பட்ட பக்கத்துக்கு இடம்கொடுப்பது. தொடக்க மாதங்களில் மெதுவான காந்தத் துடிப்பு கைக்கு உதவும் என்று 2020இல் ஐரோப்பிய நிபுணர் குழு உறுதியான மதிப்பீடே கொடுத்தது. ஆனால் 2018இல் வெளியான, 199 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வின் முடிவு வேறு. உண்மைத் துடிப்பு பெற்றவர்களில் 67 சதவீதம் பேரும், போலித் துடிப்பு பெற்றவர்களில் 65 சதவீதம் பேரும் தேறினார்கள். இரு தரப்பும் கைப்பயிற்சி செய்திருந்தது. தேற்றியது பயிற்சிதான் என்றே எனக்குப் படுகிறது.

இந்த மின்முனைக் கருவியை 9 வோல்ட் பேட்டரி வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லும் காணொளிகள் இணையத்தில் உலவுகின்றன. மின்முனை மாறினால் பலனே போய்விடுகிறது என்பதை ஹனோவரில் பார்த்தோம், தோலும் பொசுங்கலாம். காந்த முறைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அரிதாக வலிப்பு வரலாம் என்பதால், ஏற்கெனவே வலிப்புள்ளவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. தலைக்குள் உலோகக் கிளிப்போ காது கேட்பதற்காகப் பொருத்தும் காக்ளியர் கருவியோ உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. ரைட்டர்ஸ் கிராம்ப்பைப் பொறுத்தவரை இரண்டு முறைகளும் சிறிய ஆய்வுகளின் கட்டத்தில்தான் நிற்கின்றன. இப்போதைக்கு நரம்பியல் மருத்துவர் முதலில் எடுப்பது போடாக்ஸ் ஊசியைத்தான்.